பெயிண்ட் வாளியில் கொத்தமல்லி

கொத்தமல்லி விதை பார்க்கத்தான் ஒன்று, உள்ளே இரண்டு இருக்கும், நசுக்கி இரண்டாக்கிப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும் என்று செடி விற்கிறவன் சொன்னான். பூட்டுக்காரர் நம்பவில்லை. விற்கிறவன் வாயிலிருந்து வருவதில் பாதி சரக்கு, பாதி காற்று என்பது அவர் கணக்கு. அதனால் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, பூட்டுக்குள்ளிருந்து ஸ்பிரிங் எடுக்கிற மெல்லிய இடுக்கியால் ஒரே ஒரு மல்லி விதையைப் பிடித்து நோண்டிக்கொண்டிருந்தார். அது வழுக்கி வழுக்கி ஓடியது. ஒருமுறை அடுப்படிக்குக் கீழே போய்விட்டது. ஊர்ந்து போய் அதையேதான் எடுத்து வந்தார். வேறொன்றை எடுத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பது போல.

மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குளிரே இல்லாத நாளில் சால்வையைச் சுற்றியிருந்தாள்.

"என்ன, பூட்டு தொறந்துச்சா?"

"இரு. அவசரப்படுத்தாதே."

டப்பென்று விதை பிளந்தது. இரண்டு கிண்ணம் கவிழ்த்த மாதிரி இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் ஒரு விதை. பூட்டுக்காரர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதான்" என்றார், ஏமாந்து போனவர் குரலில். எவனாவது உண்மை சொல்லிவிட்டால் அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

பிறகு சமையலறை ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி மல்லியை அள்ளி, செருப்பின் அடியால் தேய்த்துப் பிளந்து, வாளியில் தூவினார். செடி விற்கிறவனிடம் விதை பாக்கெட்டும் இருந்தது. வாங்கவில்லை. செத்த விதையைப் போட்டு மேலே பச்சைப் படம் ஒட்டியிருப்பான். நம் வீட்டு ஜாடியில் இருப்பது நமக்குத் தெரிந்த சரக்கு. மனைவி அவர் அள்ளுவதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டாள்.

இந்தத் தோட்ட வேலையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லாதது. தெருமுனையில் பெட்டிக்கடை போல ஒரு கடை, அதில் சாவி அரைக்கிற மெஷின் ஒன்று, ஆணி முழுக்கத் தொங்குகிற சாவிகள். அவ்வளவுதான் அவருடைய உலகம். பச்சை என்று அவர் கையில் பட்டது பித்தளையில் ஏறுகிற களிம்புதான். மண்ணில் கை வைக்க வைத்தது மனைவியின் மூக்கு.

அவள் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே அவளுக்கு மூக்குக்காரி என்றுதான் பெயர். ஒரு கோடியில் நின்றுகொண்டு, இன்னொரு கோடியில் இருக்கிற அண்டா அடிபிடிக்கப் போகிறது என்று சொல்வாள். இன்னும் பிடித்திருக்காது, போகிறது. நாளைக்குத் திரியப் போகிற பாலை இன்றைக்கே ஒதுக்கி வைப்பாள். சட்டையை மோந்து பார்த்து, புருஷன் எந்தக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தார் என்று சொல்லிவிடுவாள். பூட்டுக்காரர் வாழ்நாளில் யாரிடமும் ஏமாந்ததில்லை என்று பீற்றிக்கொள்வார். ஆனால் அவளிடம் ஒரு பொய் சொல்லித் தப்பித்ததும் கிடையாது.

அப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் வந்தது, நாலு நாள் படுக்கப் போட்டது, போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் இருவரும் சளி என்று நினைத்தார்கள். சளி வடிந்த பிறகும் ஒன்றும் திரும்பவில்லை. சாப்பாடு வாய்க்குள் போனால் காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் அடுப்பையே விட்டுவிட்டாள். "வேகுதா கருகுதான்னு தெரியாம எப்படிச் சமைக்கிறது? கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டச் சொல்றீங்களா?" பேக்கரி ரொட்டியும் டீயுமாக வீடு ஓடியது. அதிலும் அவள் பாதி ரொட்டியைப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கிவிடுவாள். மணிக்கட்டில் நிற்கிற வளையல் முழங்கை வரைக்கும் ஏற ஆரம்பித்தது. பூட்டுக்காரர் தராசு மாதிரி அந்த வளையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னது இது: நாலு விதமான வாசனையைக் காலையும் சாயங்காலமும் மோந்து பழக வேண்டும். மூக்கு மறந்ததை மறுபடி கற்றுக்கொள்ளலாம்.

"கத்துக்குமா, கத்துக்கலாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டாக்டர்" என்றார் பூட்டுக்காரர்.

"கத்துக்கலாம்" என்றார் டாக்டர், சிரிக்காமல். மருந்துக் கடையில் சின்னச் சின்ன பாட்டிலில் வாசனை எண்ணெய் கிடைக்கும் என்றார்.

பூட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போய் அந்தப் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறானோ. பூ படம் போட்டு மண்ணெண்ணெயை அடைத்திருந்தாலும் மோந்து சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் மூக்கு போய் உட்கார்ந்திருக்கிறாள். வைத்துவிட்டு வந்துவிட்டார். வாசனையை நாமே விளைவித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினார். மனைவி இளைத்துக்கொண்டிருக்கும்போது விதை போட்டு முளைக்கிற வரைக்கும் காத்திருக்கிற வைத்தியம் இவரைத் தவிர வேறு எவனுக்கும் தோன்றாது.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இடம். அங்கே காலி பெயிண்ட் வாளிகளை வரிசையாக வைத்தார். அடியில் டிரில் போட்டு ஓட்டை. உரம் என்று கடையில் விற்றதைச் சலித்துப் பார்த்ததில் பாலிதீன் துண்டு கிடைத்தது. தூக்கி எறிந்துவிட்டு, எங்கேயோ வீடு கட்டுகிற இடத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து, டீத்தூள் சக்கையையும் முட்டை ஓட்டையும் நசுக்கிக் கலந்தார். காய்கறிக் கடைப் புதினாக் கட்டில் நல்ல காம்பாக எடுத்துத் தண்ணீர் தம்ளரில் போட்டார். எலுமிச்சம்புல்லின் தண்டு ஒன்றை இன்னொரு தம்ளரில். வேர் விட்டதும் இரண்டையும் வாளிக்கு மாற்றினார். மாடியில் குடியிருக்கிற நர்ஸ், "இது சும்மா குத்தி வச்சாலே வரும் அண்ணே" என்று கற்பூரவல்லிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். சும்மா வருவது எதுவும் நல்லதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே குத்தி வைத்தார். வந்தது.

வராதது கொத்தமல்லிதான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் வாளியிடம் போய்க் குனிவார். கடைக்குக் கிளம்பும்போது குனிவார். வந்ததும் குனிவார். மண் அப்படியே மூஞ்சியைக் காட்டிக்கொண்டு இருந்தது. எறும்பு கொண்டுபோகிறதோ என்று சுற்றி மஞ்சள் தூள் போட்டார். குருவியோ என்று வலை கட்டினார். கடைசியில் ஒரு நாள் இடுக்கியால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஊறிப் பொதபொதவென்று இருந்தது.

"செத்துப் போச்சு. ஜாடியில இருந்ததே செத்த சரக்கா? யார்கிட்ட வாங்கினே நீ?"

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்த மனைவி, "நல்ல சரக்குதான்" என்றாள். "நான் வாங்கினதும் வறுத்துத்தானே ஜாடியில போடுவேன்."

பூட்டுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். "வறுத்ததா?"

"பூச்சி வராதுல்ல."

"அப்ப, நான் போடறப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இத்தனை நாளா தண்ணி ஊத்தினேனே!"

"காலையில எழுந்ததும் அப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. பாக்க நல்லா இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சால்வை தோளிலிருந்து நழுவுகிற மாதிரிச் சிரிப்பு. காய்ச்சலுக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் அவர் கத்துவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, செடி விற்கிறவனிடம் பாக்கெட் வாங்கப் போனார்.

அந்த வாரம் மகள் போன் பண்ணினாள். வேறு ஊரில் வேலை. குரல் எப்போதும் படியேறிக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். மாடி நர்ஸ் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"அம்மா எலும்பும் தோலுமா இருக்காங்களாமே. நீங்க ரெண்டு பேரும் ரொட்டியத் தின்னுட்டு என்ன பண்றீங்க அங்க? எனக்கு லீவு வரட்டும். நேரா வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்கன்னா விடறேன். இல்லன்னா கெஞ்சினாலும் விட மாட்டேன்."

"என்னை?"

"நீங்களும் வாங்க. வருவீங்களா?"

வர மாட்டார். அது மூன்று பேருக்கும் தெரியும். தான் பூட்டு மாட்டாத வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது.

போனை வைத்த பிறகு மனைவி ரொம்ப நேரம் புதினா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்பதாவது மாடி" என்றாள். "காத்து பேயா அடிக்குதுன்னு ஜன்னலைத் தொறக்கவே மாட்டா. அவ வேலைக்குப் போயிடுவா. நான் சோபாவுல பொம்மை மாதிரி உக்காந்திருக்கணும்."

"போகாதே."

"போகாதேன்னா? சாப்பிடணுமே."

பாக்கெட் விதை முளைத்தது. முதலில் நீளமாக இரண்டு இலை, கொத்தமல்லி போலவே இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று பூட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து ரம்பம் வெட்டிய மாதிரி உண்மையான இலை வந்தது. அவருக்கு இதெல்லாம் விசித்திரமாக இருந்தது. புதினாவின் நுனியை இரண்டு இலைக்கு மேலே கிள்ளினால் அந்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும் என்று மனைவி சொன்னாள். அதையும் நம்பாமல் ஒரு கொடியைக் கிள்ளி, பக்கத்துக் கொடியைச் சும்மா விட்டு, தினமும் ஒப்பிட்டுப் பார்த்தார். கிள்ளினது இரண்டாகி, அதைக் கிள்ளினால் நாலாகி, புதர் போல அடைத்தது. விட்டது ஒல்லியாக நீண்டு கவிழ்ந்து கிடந்தது. பறித்தால் பெருகுகிற ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை. கடையில் ஒரு சாவியை எடுத்தால் ஆணியில் ஒன்று குறையும். அவ்வளவுதான். கொத்தமல்லியை மட்டும் அப்படிக் கிள்ளக் கூடாதாம். வெளிச்சுற்றுக் காம்பை அடியோடு வெட்டி, நடுக் குருத்தை விட்டுவிட வேண்டுமாம். ஏன் ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயம் என்று கடையில் சாவி அரைக்கும்போதெல்லாம் யோசித்தார்.

இலை வெட்டுகிற பருவம் வந்ததும் வைத்தியம் தொடங்கியது. மனைவியைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு இலையாகக் கசக்கி மூக்கருகில் பிடிப்பார்.

"புதினா" என்பாள். சரி. "எலுமிச்சம்புல்." சரி. "இது மல்லி." சரி. "கற்பூரவல்லி." அதுவும் சரி.

முதல் நாள் அவருக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நாளும் எல்லாம் சரி. அதற்கடுத்த நாளும் சரி. ஆனால் தட்டில் ரொட்டி பாதி அப்படியே கிடந்தது. வளையல் இன்னும் முழங்கைப் பக்கம்தான் ஓடியது. பூட்டு உடையாமல் பொருள் போயிருந்தால் எங்கேயோ ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது என்று அர்த்தம். அதை யோசித்துக்கொண்டே அன்றைக்கு இரண்டு பேருக்குத் தப்பான சாவி அரைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்ததும் புரிந்தது. புதினா வாளியின் கைப்பிடி கொஞ்சம் ஆடும், கிணுங்கென்று சத்தம் வரும். எலுமிச்சம்புல்லை மடித்தால் சரசரக்கும். கொத்தமல்லியில் மண் இருக்கும் என்று அவர் குழாயில் அலசிவிட்டுத்தான் கொண்டுபோவார். மீதி இருப்பது கற்பூரவல்லி. மூக்கே தேவையில்லை. காது போதும்.

கடையில் ஸ்பிரிங்கும் பொடி ஆணியும் போட்டு வைக்கிற வட்டத் தகரடப்பாக்கள் இருந்தன. ஒரே அளவு, ஒரே நிறம். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே இலையைக் கசக்கி அடைத்து, வீட்டுக்கு வருகிற வழியில் சட்டைப் பையிலேயே கலக்கிவிட்டார். அடியில் கீறி வைத்திருந்த அடையாளத்தைப் பார்த்தாலொழிய அவருக்கே எது எது என்று தெரியாது. இரண்டு டப்பாவில் ஒன்றும் போடவில்லை.

அன்றைக்கு அவள் தடுமாறினாள். புதினாவை மட்டும் உடனே சொன்னாள். "சில்லுன்னு இருக்கு. கண்ணுக்குள்ள வரைக்கும் போகுது." மற்றதெல்லாம் இழுத்து இழுத்துச் சொன்னாள். ஒன்று சரி, ஒன்று தப்பு. பூட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் அடுத்த டப்பாவை நீட்டினார். அடியைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. காலி.

அவள் நன்றாக மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். முகத்தை மலர வைத்துக்கொண்டாள். "கற்பூரவல்லி" என்றாள். "லேசாத்தான். ஆனா வருது."

அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த டப்பாவுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. துண்டை அவிழ்த்து, டப்பாவின் மூடியைத் திருகி, அவள் மடியில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"காலி டப்பாவா?"

"ஆமா."

"கட்டின பொண்டாட்டிக்கே பொறி வச்சீங்களா? எலியா நான்?"

"நீ ஏன் பொய் சொன்னே?"

"ஏனா?" அவள் டப்பாவை எடுத்துத் துவைக்கிற தொட்டியில் எறிந்தாள். டங்கென்று சத்தம். "தினமும் ஒரு இலையக் கொண்டாந்து மூக்குக்கிட்ட வச்சிட்டு, இலையப் பாக்காம என் மூஞ்சியவே பாக்கறீங்க. துண்டு கட்டியிருந்தா எனக்குத் தெரியாதா? மூச்சே விடாம நிக்கறீங்க. இல்லைன்னு எப்படிங்க சொல்றது? எத்தனை நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டே இருக்கிறது?"

பூட்டுக்காரர் குனிந்தார். தொட்டியில் கிடந்த டப்பாவை எடுத்து, தண்ணீரை உதறி, மூடியை மாட்டினார். ரொம்ப நேரம் அதையே மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று அவரைக் குடைந்தது. கொத்தமல்லி டப்பா வந்தபோது அவள் தலை இம்மி அளவு பின்னால் போனது. மற்றதற்கு அப்படி இல்லை. காலி டப்பாவுக்கும் இல்லை. காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. பின்னே எதற்காகத் தலை நகர்கிறது?

"மல்லிக்கு மட்டும் ஏன் முகத்தைத் திருப்பறே?"

அவள் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டாள்.

"கோவம் இருக்கட்டும். அப்புறம் பட்டுக்கோ. இதைச் சொல்லு."

"நாறுது" என்றாள்.

"என்ன?"

"ஒரு பத்து நாளா. மல்லி மட்டும் இல்ல, டீயும்தான். சொன்னா சிரிப்பீங்க. ஒயர் எரியற மாதிரி நாறுது. அதனாலதான் டீயக்கூட தொடறதில்ல."

அவர் சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்து நின்றார். "எந்த ஒயர்? மேல இருக்கிற பிளாஸ்டிக் உருகற நாத்தமா? ரப்பர் பெல்ட் தேயற நாத்தமா?"

"நாத்தத்துல என்னங்க சாதி?"

"இருக்கு, இருக்கு." கடைக்கு ஓடினார். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். தேய்ந்த பெல்ட், ஒயர்த் துண்டு, பித்தளைத் தூள், மெஷின் எண்ணெய், எப்போதோ கருகிப்போன மோட்டாரின் கம்பிச் சுருளான காயில். ஒவ்வொன்றையும் தீக்குச்சி கொளுத்திக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பி, மாடி நர்ஸ் எட்டிப் பார்த்து, "அண்ணே, என்ன எரியுது?" என்று அலறினாள். "ஒண்ணுமில்ல, மல்லிதான்" என்றார் அவர்.

மனைவி கோபத்தை மறந்துவிட்டாள். கேண்டீனில் மசாலா சரிபார்க்கிறவள் போல, புருவத்தைச் சுருக்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இது இல்லை. இதுவும் இல்லை. எதுவுமே உள்ளே போகவில்லை, வெறும் புகைக் காந்தல். காயிலிடம் வந்ததும் நின்றாள். கொத்தமல்லியை எடுத்துக் கசக்கி மோந்தாள், காயிலை மோந்தாள், மறுபடி மல்லி.

"இது மாதிரிதான். ஆனா இதுல கொஞ்சம் இனிப்பு கலந்த மாதிரி" என்றாள். அவள் குரலில் பழைய மூக்குக்காரி ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செத்த பூட்டில் எந்தச் சாவியும் அசையாது. தப்பான சாவி கொஞ்சமாவது திரும்பினால் உள்ளே ஏதோ வேலை செய்கிறது. இது பூட்டுக்காரரின் அனுபவம். மூக்குக்கும் அப்படித்தானா என்று நர்ஸிடம் கேட்டார். "சில பேருக்கு இப்படித்தான் திரும்ப ஆரம்பிக்கும் அண்ணே. சில பேருக்கு இதோட நின்னுடும்" என்றாள். சொல்லத் தெரியாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் அது ஒரு வேலையாகிவிட்டது. இப்போது பொய் இல்லை. புதிதாக ஒரு வாளியில் வைத்த வெங்காயத்தாள்: ஒன்றுமில்லை. எலுமிச்சம்புல்: ஒரு நாள் ஒன்றுமில்லை, ஒரு நாள் சோப்பு. புதினா: குளிர் மட்டும். புதினாவைக் கிள்ளி ரொட்டிக்குள் உப்போடு வைத்துக் கடித்தால் அந்தக் குளிருக்காகவாவது இறங்குகிறது என்றாள். சில நாள் முக்கால் ரொட்டி இறங்கியது. சில நாள் இறங்கவில்லை.

லீவு வந்தது. மகளும் வந்தாள். பெரிய பையோடு வந்தாள், காலிப் பை. அம்மாவின் துணியை அடுக்கிக்கொண்டு போவதற்கு. உள்ளே நுழைந்ததும் முதலில் அம்மாவின் கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளிப் பார்த்தாள். அது தடையில்லாமல் போனது.

"சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறேனே. வாசனைகூட வர ஆரம்பிச்சிடுச்சு. வேணும்னா அப்பாவைக் கேளு."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். மகள் அவசரமாக, மனைவி ஆடாமல் அசையாமல். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. வாளிகள் தெரிந்தன. ஒரு வார்த்தை. 'ஆமா' என்று ஒரே வார்த்தை. அதற்குப் பதிலாகக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தார்.

"மல்லி கருகின காயில் மாதிரி நாறுதாம். புதினா சில்லுன்னு தெரியுது. மத்தது ஒண்ணும் வரல. ஒரு நாள் சாப்பிடறா, ஒரு நாள் சாப்பிடல."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்ல ஆளு" என்றாள் சுவரிடம்.

மகள் பெருமூச்சு விட்டாள். "அப்ப கிளம்பலாம்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி. பையின் ஜிப்பைத் திறந்தாள். அலமாரியைத் திறந்து துணியை எடுக்க ஆரம்பித்தாள். பூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, அவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. 

மனைவி கொல்லைக்குப் போய்விட்டாள். கத்தரி கட்டக் கட்டக்கென்று வெட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் வெங்காயத்தாளும் புதினாவும், இன்னொரு கையில் கொத்தமல்லி. அந்தக் கையை மட்டும் உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்திருந்தாள், குழந்தையின் ஈரத் துணியைக் கொண்டுவருகிற மாதிரி.

"போறதுன்னா போறேன்" என்றாள். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்த பிள்ளைக்கு ஒரு வேளை சமைச்சுப் போடாம போக மாட்டேன்."

"நான் ஹோட்டல்ல வாங்கிட்டு வரேம்மா."

"நீ துணிய மடி."

மாதக்கணக்கில் தூசி படிந்திருந்த வாணலியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். உருளைக்கிழங்கை வெட்டினாள். பூண்டை நசுக்கினாள். கை எதையும் மறக்கவில்லை. கத்தி பலகையில் பழைய தாளத்தில்தான் ஓடியது. எண்ணெய் காய்ந்தது. பூண்டைப் போட்டாள். சடசடவென்று பொரிந்தது. அப்போதுதான் கரண்டி நின்றது. தலையைக் குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை என்பது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

மகள் ஒரு சேலையை மடித்தபடியே எழுந்து வந்தாள். "தள்ளுங்கம்மா, நான் பாக்கறேன்."

"நீ வேண்டாம். நல்லா வந்துடுச்சுன்னு எனக்காகச் சொல்லிடுவே." கரண்டியைப் பிடித்தபடியே கூப்பிட்டாள். "என்னங்க. இங்க வாங்க. நீங்கதான் பொய் சொல்ல மாட்டீங்களே. வந்து நில்லுங்க."

பூட்டுக்காரர் வந்து நின்றார்.

"பச்சை வாசனை போச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

"அது எப்படி இருக்கும்?"

இத்தனை வருஷமாக அவள் சமைத்ததைத் தின்றிருக்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை போலிருக்கிறது. கரண்டியைக் காற்றில் வைத்துக்கொண்டு, எங்கேயோ உள்ளே தேடினாள்.

"மூக்குல குத்தும். காரமா, ஈரமா. மழை பெஞ்ச வேலிச் செடியைக் கையால முறிச்சா வருமே, அது மாதிரி. கொஞ்ச நேரத்துல அது மெலிஞ்சிடும். மெலிஞ்சு, உள்ளேருந்து இனிப்பா ஒண்ணு எழும்பும். எழும்பினதும் சொல்லணும். விட்டா கசந்துடும்."

அவர் வாணலிமேல் குனிந்தார். ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். குத்தியது. ஆமாம், குத்துகிறது. ஈரமாகக்கூட இருக்கிறது.

"இப்ப?"

"இன்னும் இருக்கு."

அவள் தீயைக் கொஞ்சம் குறைத்தாள். வாணலியை அவள் பார்க்கவேயில்லை. அவர் மூஞ்சியையே பார்த்தாள். மகள் மடித்த சேலையைப் பையில் வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப?"

"இரு." கண்ணை மூடிக்கொண்டார். குத்துவது குறைகிறதா, இல்லை மூக்குதான் பழகிவிட்டதா? இரண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? இதை எப்படித் தினமும் செய்தாள், அத்தனை அண்டாவுக்கும்? மூச்சை விட்டு, மறுபடி இழுத்தார். அடியில் எங்கேயோ, ரொம்ப மெல்லிசாக, ஏதோ ஒன்று. இருக்கிற மாதிரியும் இருந்தது. நம்ப முடியவில்லை.

"இப்ப?" என்றாள், குரலை அடக்கி.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவள் விரல் அடுப்புத் திருகின்மேல் இருந்தது. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபடியே அவள் வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள். மெலிந்த கழுத்தில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.